ஊழ் என்று சொல்லத் தக்கவர் யார்?

முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஓர் இடர் மனிதரைக் கொல்லும்போது, அந்தச் சாவை ஊழின் கணக்கில் எழுதலாமா என்ற கேள்வி சமயச் சிந்தனைக்குப் பழையது. ஆனால் அது இன்று எழும் வடிவம் புதியது. இடியும் கொள்ளைநோயும் பெருவெள்ளமும் சொல்லாமல் வந்த காலத்தில், அறியப்படாத பரப்பு முழுவதையும் ஊழ் என்ற ஒரு பெயரால் குறிப்பது மனிதருக்கு இயல்பாக இருந்தது. வானிலைக் கணிப்பும் செயற்கைக்கோளும் வந்த பிறகு அந்தப் பரப்பின் எல்லை பின்னுக்கு நகர்ந்துவிட்டது. எல்லை நகர்ந்த அளவுக்குச் சொல்லின் பயன்பாடு நகரவில்லை. இந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டும் இடர்களுள் ஒன்று பனிச்சரிவு, அதாவது மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் படிந்த பனி பிடிப்பு இழந்து மொத்தமாகக் கீழிறங்கும் நிகழ்வு. எந்தச் சாய்வில், எந்தப் பருவத்தில், நாளின் எந்த வேளையில் அது நிகழக்கூடும் என்பது பெருமளவு அறியப்பட்டதே. எந்த நொடியில் என்பது மட்டுமே இன்னும் அறியப்படாதது. அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடுக்கில்தான் ஊழ் என்ற சொல் இன்று நிற்க வேண்டியிருக்கிறது.

பனியே காணாத முசஃபாவிலிருந்து இக்கேள்வியை அணுகுவது விந்தையாகத் தோன்றலாம். அபுதாபித் தீவுக்கு எதிரே நிலப்பரப்பில் பட்டறைகளும் கிடங்குகளும் இரும்புக் கட்டுமானக் களங்களும் துறைமுகமுமாக விரிந்துகிடக்கும் இந்தத் தொழிற்பகுதியில், ‘கேம்ப்’ என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் குடியிருப்புகளில், தமிழரும் மலையாளிகளும் வங்காளிகளும் நேபாளிகளும் பாகிஸ்தானியரும் அடுத்தடுத்த கட்டில்களில் வாழ்கின்றனர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல்களும், 2015இல் திறக்கப்பட்ட புனித பவுல் ஆலயம் உள்ளிட்ட கிறிஸ்தவத் திருக்கோயில்களும் இங்கேயே இருக்கின்றன. இந்துக்களுக்கு 2024 பிப்ரவரியில் அபு முரைக்காவில் திறக்கப்பட்ட பெருங்கோயில் சாலைவழியே சென்றடையும் தொலைவில் இருக்கிறது. இறைவிதியைக் குறிக்க முஸ்லிம்கள் சொல்லும் களா–கத்ர், கர்த்தரின் சித்தம், தலையெழுத்து என்ற மூன்று சொற்களும் ஒரே உணவுக்கூடத்தில் ஒலிக்கும் இடமாதலால், ஊழைப் பற்றிய வாதம் இங்கே ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. வானமும் இதற்கு ஓர் உறவைத் தருகிறது: மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி நகரும் காற்றழுத்தத் தாழ்வுகளே குளிர்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் வளைகுடாவுக்கு மழையையும் மேற்கு இமயத்துக்குப் பனியையும் கொண்டு சேர்க்கின்றன.

பனிச்சரிவின் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்காமல் மேலே செல்ல இயலாது. ஏனெனில் இதன் தத்துவச் சிக்கல் அதன் இயற்பியலிலேயே அடங்கியிருக்கிறது. நடுக்குளிர்காலத்தில் பனிப்படலம் உடைவதற்குப் பெரும்பாலும் சுமையே காரணம்: புதுப்பனியோ காற்று அள்ளிக் குவித்த பனியோ, கீழே கிடக்கும் பலவீனமான அடுக்கு தாங்கும் அளவை மிஞ்சும்போது மேலடுக்கு பலகைபோல் பெயர்ந்து வழுக்குகிறது. குளிர் விலகும் மாதங்களில், தமிழ்ப் பருவக் கணக்கில் பின்பனியின் பிற்பகுதியிலும் இளவேனிலிலும், காரணம் சுமையிலிருந்து நீருக்கு மாறுகிறது. பகல் வெயிலில் மேற்பரப்புப் பனி உருகி, அந்த நீர் படலத்துக்குள் கசிந்து, அடுக்குகளின் சந்திப்பில் தேங்கி, மணிகளைப் பிணைத்திருந்த பிணைப்பைக் கரைக்கிறது. வானம் தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்து மீண்டும் உறைந்து, விடியலில் ஆள் ஏறி நடக்கும் அளவுக்கு ஓடு கட்டுகிறது. மேகம் மூடிய இரவில் இந்த உறைவு நிகழ்வதில்லை. அப்படிப்பட்ட இரவுக்குப் பின் வரும் காலை, பார்வைக்கு எவ்வளவு அமைதியாக இருந்தாலும், நம்பத் தகாதது. வெயில் முதலில் கிழக்குச் சரிவையும், பின்னர் தெற்கையும், கடைசியில் மேற்கையும் தொடுவதால், ஒரே மலையின் ஆபத்து ஒரு நாளுக்குள் அதன் உடலைச் சுற்றி நகர்கிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரையான சாய்வுகளே பனிச்சரிவு மிகுதியாகப் புறப்படுபவை. ஆனால் அது ஓடிவந்து நிற்கும் அடிவாரம் ஏறத்தாழச் சமதளமாகவும் இருக்கலாம் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகின்றனர். ஈரப்பனிச் சரிவு உலர்பனிச் சரிவைவிட மெதுவாக வந்தாலும் அடர்த்தி மிகுந்தது, நின்ற கணமே இறுகிவிடுவது. புதையுண்டவர் முதற் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலும் பிழைக்கிறார். முப்பத்தைந்து நிமிடம் கடந்தால் பிழைப்பவர் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது என்று சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தோர் கணித்துள்ளனர்.

இந்த அறிவிலிருந்து பிறந்த பயண ஒழுக்கம் ஒருவகைத் துறவொழுக்கத்தைப் போலவே கறாரானது. பாதை வெட்டப்படாத மலைப்பகுதிக்குச் செல்வோர் புறப்படுமுன் பனிச்சரிவு அறிக்கையைப் படிக்கின்றனர். ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஏற்றுக்கொண்ட ஐந்து படிநிலை அளவுகோலில் அன்றைய அபாயம் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்க்கின்றனர். இருள் பிரியுமுன் கிளம்பி, ஓடு உருகத் தொடங்குமுன் சரிவை விட்டு வெளியேறிவிடுகின்றனர். புதையுண்டவரைக் கண்டறிய உதவும் டிரான்ஸீவர் கருவியை உடலோடு கட்டியிருப்பதும், துழாவும் கோலும் மண்வாரியும் ஒவ்வொருவரிடமும் இருப்பதும், ஐயத்துக்குரிய சரிவை ஒவ்வொருவராகக் கடக்கையில் மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்திருப்பதும் இதன் விதிகள். கால் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, மேலிருந்து பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, அந்த நாள் முடிந்தது என்று பொருள். குழுவில் யாரேனும் ஒருவர், அவர் மிக இளையவராயினும், ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அனைவரும் திரும்ப வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. இந்தக் கட்டுரையின் நோக்கில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமான விதி இதுவே.

இவ்வொழுக்கத்தின் அடிப்படையை மலையேறுவோர் நிலப்பாங்கு, வானிலை, பனிப்படலத்தின் வலிமை என்ற மூன்றாகச் சுருக்கிச் சொல்வர். திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்ற எண்களோடு அடுத்தடுத்து நிற்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முக்கூறு அந்நியமாக இராது. அவ்வதிகாரங்கள் அரசனின் படையெடுப்பைக் கருதியவை. அவற்றைப் பனிமலைக்கான கையேடாக்குவது மிகையாகும். ஆயினும், செயலில் இறங்குமுன் தன் வலிமையையும் காலத்தையும் இடத்தையும் எடைபோடுவதை அறிவின் கடமையாக வைத்த அதே நூல், அறத்துப்பாலின் இறுதியில் ஊழ் என்ற 38ஆம் அதிகாரத்தில் ஊழை வெல்வது எதுவுமில்லை என்ற அளவுக்குச் செல்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையிலோ சோர்வற்ற முயற்சிக்கு முன் ஊழும் பின்வாங்கும் என்கிறது. இதை முரண் என்று கண்டு சமாதானம் தேடியவர்கள் பலர். முரண் தோன்றுவதற்குக் காரணம் இரண்டு அதிகாரங்களும் ஒரே ஆளிடம் ஒரே வேளையில் பேசுவதாகக் கொள்வதுதான். நடந்து முடிந்ததைத் தாங்க வேண்டியவனுக்கு ஒன்று, நடக்கவிருப்பதைச் செய்ய வேண்டியவனுக்கு மற்றொன்று என்று கொண்டால் சிக்கல் பெருமளவு தளர்ந்துவிடும். சொல்லப்படும் கருத்தோடு, சொல்லுக்கு உரிய ஆளும் வேளையும் எவை என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

இனி, நிகழ்ந்த ஒன்று. 2025 பிப்ரவரி 28ஆம் நாள் விடியற்காலையில், உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் பத்ரிநாத்துக்கு அருகிலுள்ள மாணா சிற்றூரை ஒட்டி, எல்லைச் சாலைகள் அமைப்பின் பணிக்களத்தில் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் பனிச்சரிவில் சிக்கினர். பீகார், உத்தரப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் போன்ற பல மாநிலங்களிலிருந்து வந்திருந்த அவர்கள், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், இரும்புக் கன்டெய்னர்களில் தங்கி, சாலையில் விழும் பனியை அகற்றும் வேலையைச் செய்துவந்தனர். படைவீரர்களும் மீட்புக் குழுவினரும் 46 பேரை உயிருடன் மீட்டனர். எட்டுப் பேர் இறந்தனர். பலர் பிழைத்ததற்கு அந்தக் கன்டெய்னர்களின் இரும்புச் சுவர்களே காரணமாயின. அதற்கு முந்தைய மாலையில், இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின்கீழ்ச் சண்டிகரில் இயங்கும் பனிச்சரிவுக் கணிப்பு அமைப்பு, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களின் உயர்ந்த பகுதிகளுக்கு அடுத்த 24 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வெளியிட்டிருந்தது.

அந்த இடத்தின் சமய மரபு இங்கே எதிர்பாராத சாட்சியாக நிற்கிறது. ஆழ்வார்கள் வதரி என்று பாடிய பத்ரிநாத், தமிழ் வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. குளிர்காலம் நெருங்கும்போது, வழக்கமாக நவம்பரில், அக்கோயிலின் கதவு அடைக்கப்பட்டு, ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான் மீண்டும் திறக்கப்படுகிறது. மூலவர் உள்ளேயே இருக்க, உத்தவர், குபேரர் திருமேனிகள் கீழேயுள்ள பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருளுகின்றன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதாரத்தின் உற்சவ மூர்த்தியும் இவ்வாறே குளிர்காலத்தில் உகிமடத்துக்கு இறங்கிவிடுகிறார். இறைவனுக்கே இடர் வரும் என்று அஞ்சி இது செய்யப்படுவதாக எந்தப் பக்தரும் சொல்வதில்லை. பூசை செய்வோரும் வழிபடுவோரும் மனித உடல் படைத்தவர்கள் என்பதை மரபு கணக்கில் கொண்டதன் விளைவு அது. மலையின் பருவத்துக்கு முன் வழிபாடே இறங்கிவருவதில் இறைநம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை என்று பல தலைமுறைகளாக ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு நிலத்தில், திருமேனிகள் இறங்கிவிட்ட பிறகும் சாலைத் தொழிலாளர்கள் மேலே இருந்தனர். எல்லைச் சாலை திறந்திருக்க வேண்டியதன் தேவையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேவையைத் தீர்மானித்தவர்கள் அந்தக் கன்டெய்னர்களில் உறங்கியவர்கள் அல்லர்.

முழுமையான ஊழ்க் கொள்கை ஒன்று தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் வலுவாக வழங்கியது. மற்கலியைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர், நிகழ்வது அனைத்தும் நியதியாலேயே நிகழ்கிறது, மனித முயற்சிக்கு அதில் பங்கில்லை என்றனர். மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையும் நீலகேசியின் ஆசீவக வாதமும் அக்கொள்கையை எடுத்துரைத்து ஆய்கின்றன. ஆசீவகத்தை எளிதில் எள்ளுவது நேர்மையாகாது, ஏனெனில் அது தன்னளவில் ஒத்திசைவுடையது: விபத்து நியதி என்றால் ஆக்கமும் நியதி, இறந்தவன்மீது பழியில்லை என்றால் பிழைத்தவனுக்குப் புகழுமில்லை. இன்று விபத்துக்குப் பின் விதியைத் துணைக்கழைப்போர் பெரும்பாலும் அந்த ஒத்திசைவைப் பேணுவதில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தவனின் சம்பளத்தைப் பிடிக்கும்போது முயற்சியின் தத்துவத்தையும், சாரம் சரிந்து ஆள் விழும்போது நியதியின் தத்துவத்தையும் கையாளும் மேலாண்மையை மற்கலி தம் மாணவராக ஏற்றிருக்க மாட்டார்.

வினைக்கொள்கையை ஏற்ற பிற மரபுகள் நுட்பமாக நடந்துகொண்டன. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது: ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்ச்சிக்கு வந்துள்ள பகுதி பிராரத்தம், நுகரும்போது புதிதாகச் சேரும் ஏறுவினை ஆகாமியம். பனிச்சரிவில் சிக்கியவனுக்கு அது பிராரத்தம் என்று ஒரு சித்தாந்தி சொல்லக்கூடும். ஆயின் எச்சரிக்கை கிடைத்தும் அவனை அங்கே இருத்தியவனுக்கு அதே நிகழ்வு ஆகாமியம், இனிமேல் நுகரப்பட வேண்டிய புதுக்கடன். ஒரே பனி ஒருவனது பழைய கணக்கை முடிக்கிறது, மற்றொருவனது கணக்கைத் தொடங்குகிறது. பௌத்தம் இன்னும் ஒருபடி மேலே சென்று, எல்லாத் துன்பத்தையும் வினையில் ஏற்றுவதையே மறுத்தது. சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற துறவி, மனிதர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனா என்று கேட்க, புத்தர் பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், முறையற்ற பேணுகை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைச் சொல்லி, அனைத்தையும் முன்வினை என்போர் தாமே கண்ணால் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறுகின்றனர் என்கிறார். பருவ மாற்றமும் முறையற்ற பேணுகையும் வினைப்பயனிலிருந்து வேறாக எண்ணப்பட்டிருப்பது இங்கே கருதத்தக்கது. இளவேனில் பனிச்சரிவுச் சாவுகளில் பல இவ்விரண்டும் கூடியவை.

முசஃபாவின் பள்ளிவாசல்களில் கேட்கப்படும் மரபில் இக்கேள்விக்கு இரண்டு புகழ்பெற்ற விடைகள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் அறிவுறுத்தியதாகத் திர்மிதீயின் தொகுப்பில் வரும் செய்தியை அறியாத முஸ்லிம் இல்லை. தவக்குல் எனப்படும் இறைச்சார்பு, கைமுயற்சியைக் கழித்துவிட்டு எஞ்சுவதன்று என்பது அதன் பொருள். இரண்டாவது, புகாரீயின் தொகுப்பில் இடம்பெற்றது, இன்னும் ஆழமானது. கலீபா உமர் படைத்தலைவர்களைச் சந்திக்கச் சிரியாவுக்குச் செல்லும் வழியில் சர்க் என்ற இடத்தில், முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைக்கிறது. கலந்தாய்ந்தபின் அவர் தம்முடன் வந்தவர்களோடு திரும்ப முடிவு செய்கிறார். அப்படைத்தலைவர்களுள் ஒருவரும் மூத்த தோழருமான அபூ உபைதா, இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று வினவ, இறைவிதியிலிருந்து இறைவிதியை நோக்கியே செல்வதாக உமர் மறுமொழி தருகிறார். ஒரு பள்ளத்தாக்கின் இரு சரிவுகளில் ஒன்று பசுமையாகவும் மற்றது வறண்டும் இருந்தால், எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே அன்றோ என்று விளக்குகிறார். இரு சரிவுகளில் எதைத் தெரிவது என்பதே பனிமலைப் பயணத்தின் அன்றாடக் கேள்வி என்பதால் மட்டும் இது இங்கே பொருந்தவில்லை. உமர் அங்கே தனி மனிதராகத் தம் உயிரைப் பற்றி முடிவெடுக்கவில்லை. தம் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பலரின் உயிரைப் பற்றி முடிவெடுத்தார்.

கிறிஸ்தவ மரபில், கோயில் உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு இயேசு இணங்காத நிகழ்ச்சி மத்தேயுவின் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. காப்பாற்றப்படுவோம் என்ற உறுதியை வேண்டுமென்றே சோதித்துப் பார்ப்பது பக்தியாகாது என்பதே அதிலிருந்து பெறப்படுவது. லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரத்திலோ, சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் எருசலேமில் வாழ்ந்த மற்றவரினும் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று சொல்லப்படுகிறது. கட்டடத் தொழிலை நம்பி வாழும் ஒரு குடியிருப்பில் இந்தப் பகுதி வாசிக்கப்படும்போது அதன் எடை வேறு. 54 பேரில் எட்டுப் பேர் ஏன் என்ற கேள்விக்கு இறந்தவர்களின் தகுதியிலிருந்து விடை தேடும் வழியை அது அடைத்துவிடுகிறது.

தானே விரும்பி மலைக்குச் செல்பவரிடமும் ஊழின் சாயல் உண்டு. ஆனால் அது உள்ளிருந்து வருவது. விளையாட்டுக்காகப் பனிமலையில் செல்வோரைக் கொல்லும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை அவர்களது எடையாலோ அவர்களது குழுவினரின் எடையாலோ தூண்டப்பட்டவை. அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த இயான் மெக்கேமன், 2000ஆம் ஆண்டை ஒட்டிய தம் கட்டுரைகளில், பயிற்சி பெற்றவர்களும் ஏன் சிக்குகிறார்கள் என்று கேட்டு, சில மனப்பொறிகளை எடுத்துக்காட்டினார்: பலமுறை போன இடம்தானே என்ற பழக்கம், திட்டமிட்டதை விடக்கூடாது என்ற பிடிவாதம், முன்செல்பவர் அனுபவசாலி என்ற மயக்கம், மற்றவர் மதிப்பார்கள் என்ற ஆசை, வேறு குழு முந்திவிடுமே என்ற பதைப்பு. முற்பிறவியின் வாசனை இப்பிறவியின் விருப்பமாக எழுகிறது என்று இந்தியத் தத்துவங்கள் சொன்னதை இங்கே நினைக்கலாம். பிறவிகளைக் கடந்து போக வேண்டியதில்லை, முந்தைய பத்துப் பயணங்களில் ஒன்றும் நேராததே பதினோராவது பயணத்தின் ஊழாகிவிடுகிறது. குழுவில் எவரும் மறுக்கலாம் என்ற விதி இந்தப் பொறிகளை உடைப்பதற்கே உருவானது.

அமீரகத்திலும் ஓமானிலும் பனிச்சரிவின் இடத்தை வாதி வகிக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மலையாற்றுப் படுகைக்கு அரபியில் வழங்கும் பெயர் அது. ஹஜர் மலைத்தொடரின் பாறை மழைநீரை அதிகம் உறிஞ்சுவதில்லை; எங்கோ மேலே பெய்தது, வெயில் அடிக்கும் படுகையில் நின்றிருப்பவரைச் சில நிமிடங்களில் வந்தடைகிறது. மார்ச் இறுதி முதல் மே வரை திடீர் இடிமழை எழும் பருவத்தை வளைகுடா அரபியர் சராயாத் என்பர். இமயத்தில் ஈரப்பனி நகரும் மாதங்களும் ஏறத்தாழ அவையே. 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1949இல் பதிவுகள் தொடங்கியது முதல் நாட்டில் காணாத அளவு அது. அதற்கிரண்டு நாள் முன்பு ஓமானின் சமத் அல் ஷான் பகுதியில் வெள்ளம் வாகனத்தோடு பள்ளி மாணவர்களை அடித்துச் சென்றது. அமீரகம் 2023இலேயே, வெள்ளம் பாயும் வாதிக்குள் வாகனத்தைச் செலுத்துவோருக்கு 2,000 திர்ஹம் அபராதமும், 23 கரும்புள்ளியும், 60 நாள் வாகனப் பறிமுதலும் விதித்திருந்தது. விதியை நம்பி இறங்குபவனை அரசு தண்டிக்கிறது என்றால், இறைச்சார்பின் பெயரால் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது இங்கே ஓர் இசுலாமிய நாட்டின் சட்டத்திலேயே குற்றமாகிவிட்டது என்று பொருள். உமரின் வாதத்தை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை.

முசஃபாவின் நெருங்கிய இடரோ வெயில்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி 2005 முதல் அமீரகத்தில் நடப்பில் உள்ளது. மீறும் நிறுவனத்துக்கு ஆளுக்கு 5,000 திர்ஹம், மொத்தம் 50,000 வரை அபராதம். பனிமலைப் பயணியும் முசஃபாவின் தொழிலாளியும் ஒரே கதிரவனின் ஒரே நடுப்பகலுக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது: ஒருவனுக்கு அது காலடியிலுள்ள பனியை இளக்குகிறது, மற்றவனுக்கு உடலின் நீரை வற்றச் செய்கிறது. இருவருக்குமான விடையும் கடிகாரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் பயணி தானே கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புகிறான். தொழிலாளிக்காக வேறொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் இளையவருக்குக் குழு கட்டுப்படுகிறது. கடன் வாங்கி விசா பெற்று வந்தவனின் ‘வேண்டாம்’ ஃபோர்மேனிடம் போய்ச் சேர்வதற்குள் பல கணக்குகளைக் கடக்க வேண்டும். உடனடியான கடும் ஆபத்திலிருந்து விலகிய தொழிலாளி அதற்காகத் தண்டிக்கப்படலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை சொல்வது, பனிமலைக் குழுவின் அந்த விதியைச் சட்ட மொழியில் எழுதியது என்றே கொள்ளலாம்.

அறிவும் கடமையும் தம் பங்கை முழுதும் செய்த பின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு; அதை மறுப்பவர் மலையை அறியாதவர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின்மீது பெரும் பனிச்சுவர் சரிந்து, மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டனர்; அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறாம் நாளில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் தோண்டியெடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். புதையுண்டவரின் உயிரை நிமிடங்களில் அளக்கும் கணக்குகளுக்கு முன் அந்த ஆறு நாட்கள் விடையின்றி நிற்கின்றன. அந்த நாட்களில் நாடெங்கும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆலயங்களிலும் நடந்த வேண்டுதல்களை அறிவுக்குப் புறம்பானவை என்று ஒதுக்குவது தேவையற்ற கடுமை. ஊழ் என்ற சொல்லுக்கு உரிய இடம் இந்த எச்சம்தான்: பத்துப் பேரில் ஒருவர், 54இல் 46, ஏன் இவர், ஏன் அவரில்லை என்பது. வேலூரிலோ தேனியிலோ மகனை இழந்த ஒரு தாய் ‘விதி’ என்று சொன்னால் அது பொய்யாகாது. அவள் அதைச் சொல்லி எந்தப் பொறுப்பிலிருந்தும் விலகவில்லை. அதே சொல்லை அந்த மகனின் இடத்தையும் காலத்தையும் தீர்மானித்தவர் சொல்லும்போது, சொல் மாறாமலே அதன் மெய்ம்மை மாறிவிடுகிறது. முன்னவள் தனக்கு நேர்ந்ததைப் பெயரிடுகிறாள்; பின்னவர் தாம் செய்ததற்குப் பெயரை மாற்றுகிறார். வாக்கியத்தின் உண்மை சொல்பவரைச் சார்ந்தது என்பது அளவையியலாருக்கு உவப்பான முடிவன்று. ஆனால் மன்னிப்பும் நன்றியும் வாக்குறுதியும் அவ்வாறே சொல்பவரைச் சார்ந்தவைதாம். மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர் மட்டுமே வழங்க முடியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஊழும் அந்த இனத்துச் சொல்லாக இருக்கலாம்.

உமரை மறித்துக் கேட்ட அபூ உபைதாவை இந்த அளவுகோலால் நோக்கினால், வாதத்தில் தோற்றவராகக் கருதப்படும் அவருக்கும் ஒரு நியாயம் தெரியவருகிறது. சர்க்கிலிருந்து உமர் மதீனாவுக்குத் திரும்பினார். அபூ உபைதா சிரியாவிலிருந்த தம் வீரர்களிடம் திரும்பினார். அவரைக் காப்பாற்ற எண்ணி உமர் பின்னர் தம்மிடம் வருமாறு அழைத்தபோது, வீரர்களை விட்டுப் பிரிய இயலாது என்று மறுத்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. அம்வாஸ் கொள்ளைநோய் என்று பெயர்பெற்ற அந்நோயில், இஜ்ரி 18ஆம் ஆண்டில் அவர் இறந்தார். இறைவிதி என்று அவர் சொன்னபோது அதன் விலையை வேறெவர்மீதும் ஏற்றவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபலும் அந்நோயிலேயே மறைந்தார். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ், நோய் நெருப்பைப்போல் பரவுகிறது என்று சொல்லி, மக்களை மலைகளுக்குச் சென்று தங்குமாறு பணித்தார். அது இறைவிதிக்கு மாறானது என்று கண்டித்தவர்கள் அப்போதும் இருந்தனர். மக்கள் மலையேறிப் பிரிந்து தங்கினர், நோய் அடங்கியது. செய்தி உமருக்கு எட்டியபோது அவர் அதை வெறுக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதிவைத்திருக்கிறார்.